அத்தியாயம் 7: நெய்வேலி வெயிலுக்கு ஒரு சூப்பர்சார்ஜர்

எஞ்சினைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலைகளைச் சென்ற அத்தியாயத்தோடு முடித்துக்கொண்டோம். இனி காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் வேலை. குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி, பண்ருட்டி வட்டாரத்தில் இருந்துகொண்டு இதில் இறங்குபவருக்கு வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லித்தராத இரண்டு விஷயங்கள் உண்டு: இங்கே அடிக்கும் வெயில், இங்கே பறக்கும் அனல்மின் நிலையச் சாம்பல். கையில் உள்ள பணத்தில் பாதியை இந்த இரண்டையும் சமாளிப்பதற்கென்று முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மீதியில் எந்த சூப்பர்சார்ஜர் கிடைக்கிறதோ அதுதான் உங்கள் வண்டிக்கு ஏற்றது. ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கொஞ்சம் பின்னால் வருகிறது.

வண்டி எங்கே ஓடப்போகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, தயாரிப்பாளர் குறித்துக்கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் பிரிவு 182ஏ சேர்ந்தது. அதன்படி அனுமதியில்லாமல் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சைலன்சரை மாற்றிச் சத்தத்தைக் கூட்டினால் பிரிவு 190 தனியாக வரும்: 10,000 ரூபாய் வரை அபராதமும், ஓட்டுநர் உரிமம் 3 மாதம் முடக்கமும் அதில் உண்டு. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து காப்பீடு. மாற்றத்தைத் தெரிவிக்காத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீடு தர மறுக்க நிறுவனத்துக்குக் காரணம் தயாராகக் கிடைத்துவிடும்.

புதிய எஞ்சின் அமைப்புக்கு ஒப்புதல் தரும் சோதனை மையங்கள் உண்டு. ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி அவற்றில் ஒன்று. ஆனால் அவை வண்டி தயாரிக்கும் நிறுவனங்களுக்கான வழி. தனி ஆள் ஒரே ஒரு காருக்காக அந்த வழியில் போய் வருவது நடைமுறையில் ஆகாத காரியம். ஆகவே இந்த அத்தியாயம் பந்தயத் தடத்தில் ஓடும் காருக்கு மட்டும். தினமும் நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வேலைக்குப் போய்வரும் கார் என்றால் சென்ற அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புது டயர், நல்ல பிரேக் பேடு, சரியான சர்வீஸ் போதும்.

தடத்துக்கு நமக்குப் பஞ்சமில்லை. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடத்தை 1990-இல் திறந்தது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல் வந்தது. அந்தப் பெயருக்குரிய எஸ். கரிவரதனை இந்த நூலைப் படிக்கும் எவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மாருதி 800-இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தி, ஃபார்முலா மாருதி என்று ஒரு வகுப்பையே உருவாக்கியவர். 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். இருக்கிற சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு எடையைக் குறைத்து வேகம் எடுத்தார் என்பதை மனதில் வையுங்கள். பின் இருக்கை, ஸ்பேர் வீல், தரைவிரிப்பு, ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் கழற்றியாயிற்றா? அதற்குச் செலவே கிடையாது. சூப்பர்சார்ஜர் அதற்கு அப்புறம்.

வெயில் கணக்கு

பூஸ்ட் என்பது அழுத்தம். எஞ்சினுக்கு வேண்டியதோ காற்றின் நிறை. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்வதில்தான் நம் ஊரில் பாதிப் பணம் வீணாகிறது.

கத்திரியில் வெளிக்காற்று 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதை 0.5 பார் பூஸ்டுக்கு அமுக்குகிறோம், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அமுக்கினால் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் கையைச் சுடுவது அதனால்தான். ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜரின் திறன் 60 சதவீதம் என்று எடுத்தால், வெளிவரும் காற்று 100 டிகிரியைத் தொடும். சூடான காற்று விரிந்துபோவதால், 49 சதவீதம் கூட வேண்டிய அடர்த்தி வெறும் 24 சதவீதம்தான் கூடுகிறது. நடுவே ஒரு இன்டர்கூலரை வைத்து அதே காற்றை 55 டிகிரிக்கு இறக்குங்கள்; அடர்த்தி 42 சதவீதம் கூடிவிடும். அதே சூப்பர்சார்ஜர், அதே புல்லி, அதே பூஸ்ட் மீட்டர். லாபம் மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

2000-இல் வந்த 1.5 லிட்டர் ஹோண்டா சிட்டி விடெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பையன்கள் இன்னமும் தேடிப்பிடித்து வாங்கும் கார், 106 குதிரைத்திறன். இன்டர்கூலரோடு 0.5 பார் கொடுத்தால் கணக்குப்படி 150. சூப்பர்சார்ஜரைச் சுழற்றவே பெல்ட் 10 குதிரைத்திறன் வரை தின்றுவிடும். பற்றவைப்பு டைமிங்கைப் பின்னுக்கு இழுப்பதில் இன்னும் கொஞ்சம் போகும். கையில் 130 முதல் 135 வரை நிற்கும் என்பது என் கணிப்பு. இன்டர்கூலர் இல்லாமல் அதே வேலையைச் செய்தால் 115-ஐத் தாண்டினாலே பெரிது. 9 குதிரைத்திறனுக்காக இவ்வளவு செலவும், எஞ்சின் போகும் பயமும். இதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்து லிட்டர் வி8 வைத்த மஸ்டாங் ஜிடிக்கும் இதே கணக்குதான். எண்கள் பெரிதாகும், அவ்வளவே.

இன்டர்கூலரில் இரண்டு வகை. காற்றால் குளிர்வதை முன் பம்பருக்குள் ரேடியேட்டருக்கு முன்னால் வைப்பார்கள். எளிமையானது, கசிவு கிடையாது. ஆனால் தன் சூட்டை ரேடியேட்டரின் முகத்தில்தான் கக்கும். அதனால் பழைய ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது, இரண்டு மின்விசிறியும் ஓடுகிறதா என்று பார்ப்பது, ரேடியேட்டருக்கும் பம்பருக்கும் இடையே உள்ள சந்துகளைத் தகடு வைத்து அடைப்பது, இந்த மூன்றும் கட்டாயம். தண்ணீரால் குளிர்வது சிறிய இடத்தில் அடங்கும். குறுகிய ஓட்டத்துக்கு அருமையாக வேலை செய்யும். பம்ப் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, முன்னால் தனி ரேடியேட்டர் ஒன்று என்று கெட்டுப்போகக்கூடிய பொருள்களும் கூடவே வரும். நாள் முழுக்கத் தடத்தில் ஓடப்போகிறவருக்கு முதல் வகையையே சொல்வேன்.

காற்று எடுக்கும் வாயை பானட்டுக்குள்ளேயே திறந்துவிடும் வழக்கத்தை ஒழியுங்கள். நெய்வேலி ஆர்ச் கேட் பக்கம் மே மாத மதியத்தில் லாரிகளுக்கு நடுவே நின்ற காரின் பானட்டுக்குள் கையை வைத்துப் பாருங்கள். உள்ளே 60 டிகிரி இருந்தால், எஞ்சினுக்குப் போகும் காற்று அமுக்குவதற்கு முன்பே 6 சதவீதம் குறைந்துபோய்விட்டது. ஃபெண்டருக்குள்ளிருந்தோ முன் கிரில்லிலிருந்தோ குழாய் போட்டு வெளிக்காற்றை எடுங்கள்.

சாம்பல்

ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜருக்கும் சுரங்கத்துக்கும் பழைய உறவு. அமெரிக்காவின் இண்டியானாவில் ஃபிலாண்டர், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவி முதலில் போனது உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும். 1921-இல் மெர்சிடஸ் தன் விற்பனைக் கார்களில் சூப்பர்சார்ஜர் வைத்துக் காட்டியதெல்லாம் பிறகு நடந்தது. இன்றும் அனல்மின் நிலையங்களில் சாம்பலைக் குழாய்வழி தள்ளவும், கழிவுநீர் நிலையங்களில் காற்று ஊதவும் ரூட்ஸ் ப்ளோயர்கள் ஓடுகின்றன. ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் யாராவது தெரிந்தால் போய்ப் பேசுங்கள். பேரிங், சீல், ரோட்டர் இடைவெளி பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட நம் கார் பட்டறைகளில் தெரியாது.

அந்த இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு ரோட்டர்களும் ஒன்றையொன்று தொடாமல், மயிரிழை இடைவெளியில் சுற்றுகின்றன. ரோட்டர் மேல் மெல்லிய பூச்சு ஒன்று அந்த இடைவெளியைக் காக்கிறது. நிலக்கரிச் சாம்பலோ சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த கடினமான கண்ணாடி உருண்டைகள். பல துகள்கள் 10 மைக்ரானைவிடச் சிறியவை. கடலூர் விருத்தாசலம் சாலையில் சாம்பல் லாரிக்குப் பின்னால் போகும் ஒவ்வொரு முறையும் இதைத்தான் உங்கள் வண்டி சுவாசிக்கிறது. ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் முதலில் ரோட்டர் பூச்சு தேயும், பிறகு சிலிண்டர் சுவர், பிறகு ரிங்.

ஆகவே எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் வேண்டாம். காற்று தாராளமாகப் போகும் என்று விற்பார்கள். தாராளமாகத் தூசியும் போகும். அதில் எண்ணெய் அதிகமாகிவிட்டால் காற்றளவு சென்சாரின் கம்பியில் படிந்து, காற்றைத் தப்பாக அளக்க வைத்துவிடும். பெரிய அளவுக் காகித ஃபில்டர் போடுங்கள். பரப்பு இரண்டு மடங்கு என்றால் தடையும் குறைவு, அடைக்கவும் நாள் ஆகும்.

ஃபில்டரைவிட அதன் ஓரங்கள் முக்கியம். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு அந்தப்புறம், அதாவது எஞ்சின் பக்கக் குழாயின் உட்சுவரில் வெள்ளைத் துணியால் ஒரு துடை துடையுங்கள். துணியில் சாம்பல் நிறக் கோடு விழுந்தால் எங்கோ கசிகிறது. கிளாம்ப், ரப்பர் இணைப்பு, பெட்டியின் மூடி ஆகிய மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். கோடு மறையும்வரை வண்டியைப் பூஸ்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

பழைய சூப்பர்சார்ஜர் வாங்குகிறவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ் கார்களிலிருந்து கழற்றிய ஈட்டன் எம்45 போன்றவை வெளிநாட்டிலிருந்து வந்து கைமாறுகின்றன. காற்று நுழையும் வாயில் டார்ச் அடித்து ரோட்டரைப் பாருங்கள். பூச்சு ஒரே சீராக இருக்க வேண்டும். நீளவாக்கில் பளபளவென்று உலோகம் தெரிந்தால் ரோட்டர்கள் உரசியிருக்கின்றன. புல்லியைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். கரகரப்போ, ஒரே இடத்தில் தடக்கோ இருக்கக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. கியர் பக்கத்து எண்ணெயை ஒரு சொட்டு வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள். மினுமினுக்கும் பொடி தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

எஞ்சினுக்கு உடல் பரிசோதனை

சூடான எஞ்சின், எல்லா பிளக்கும் கழற்றி, ஆக்சிலரேட்டர் முழுக்க மிதித்து, சார்ஜ் ஏறிய பேட்டரியோடு கம்ப்ரஷன் பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இருபது வருடம் ஓடிய எஞ்சின் என்றால் பூஸ்டுக்கு முன் ரிங்கும் பேரிங்கும் மாற்றிவிடுவதே சிக்கனம்.

பெட்ரோலில் இப்போது நம் பங்க்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த இ20. ஆக்டேன் குறைந்தது 95 என்பது நல்ல செய்தி. எத்தனால் உள்ளே ஆவியாகும்போது சூட்டையும் கொஞ்சம் உறிஞ்சுகிறது. ஆனால் சுத்தமான பெட்ரோல் 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும், இ20-க்கு 13.5 கிலோவே போதும். திருப்பிச் சொன்னால், அதே காற்றுக்கு 9 சதவீதம் கூடுதல் எரிபொருள். பழைய காரின் இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்பும் இதற்கே திணறும், பூஸ்டுக்கு எங்கே போவது? 1.5 லிட்டரில் 150 குதிரைத்திறன் இலக்கு என்றால் இன்ஜெக்டர் ஒன்று நிமிடத்துக்குக் குறைந்தது 300 சிசி தர வேண்டும். இ20-க்கும் சேர்த்து 330 வாங்குங்கள். பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். எக்ஸ்பி100 போன்ற விலையுயர்ந்த பெட்ரோலை நம்பி மேப் செய்யாதீர்கள். போகிற வழியில் அது கிடைக்காத ஒரு நாள் போதும், பிஸ்டன் உடைய.

பிளக் ஒரு படி குளிர்ந்த வகையாக இருக்கட்டும். இதில் கடைக்காரரே குழம்புவார்: என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக், போஷில் எண் இறங்க இறங்கக் குளிர்ந்த பிளக். இடைவெளியை 1.1 மில்லிமீட்டரிலிருந்து 0.7 அல்லது 0.8-க்குக் குறையுங்கள். அழுத்தம் கூடிய காற்றில் பெரிய இடைவெளியைத் தாண்டப் பொறிக்குத் தெம்பு போதாமல் மிஸ்ஸிங் வரும்.

புல்லியும் ஆசையும்

கிராங்க் புல்லி 150 மில்லிமீட்டர், சூப்பர்சார்ஜர் புல்லி 75 மில்லிமீட்டர் என்றால் எஞ்சின் 6,500 சுற்றில் சூப்பர்சார்ஜர் 13,000 சுற்றும். மேல் புல்லியை 65-க்குக் கடைந்தால் 15,000. தயாரிப்பாளர் குறித்த உச்ச வேகத்தைப் பார்க்காமல் லேத்துக்குப் போகாதீர்கள். அந்த வேகத்தைத் தாண்டினால் பூஸ்டைவிடச் சூடுதான் வேகமாக ஏறும். பெல்ட்டும் வழுக்கத் தொடங்கும்.

எல்லாம் முடிந்து முதல் ஓட்டம் ஓடிவிட்டு வந்ததும் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அண்ணே, இன்னும் கொஞ்சம் ஏத்திடலாமா?” 10-க்கு 1 கம்ப்ரஷன் உள்ள, பிஸ்டன் மாற்றாத எஞ்சினுக்கு நம் வெயிலில் 0.5 பார் எல்லை என்பது என் பதில். யார் என்ன சொன்னாலும் இந்தப் பதிலை மாற்றப்போவதில்லை.

ஈசியூ மேப்பை டைனோவில் வைத்துத்தான் செய்ய வேண்டும். அதற்கு கோவைக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோ போகத்தான் வேண்டும். நல்ல சாலை கிடைத்தது என்று விக்கிரவாண்டி தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் மடிக்கணினியோடு இறங்குவது கொலைக்குச் சமம். அந்தச் சாலையில் பள்ளிப் பிள்ளைகள் குறுக்கே போகிறார்கள், முந்திரி ஏற்றிய வண்டிகள் விளக்கில்லாமல் வருகின்றன.

டைனோக்காரரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது, லாம்ப்டா கணக்கில் மேப். பூஸ்டில் 0.78 முதல் 0.82 வரை இருக்கட்டும். பெட்ரோலுக்கென்று செய்த மீட்டரின் காற்று விகித எண், இ20 ஊற்றினால் பொய் சொல்லும். லாம்ப்டா எந்த எரிபொருளிலும் பொய் சொல்லாது. இரண்டாவது, டைமிங். ஒவ்வொரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கும் ஒரு டிகிரி பின்னுக்கு என்று தொடங்கி, நாக் சென்சாரைப் பார்த்துக்கொண்டே மெல்ல முன்னேற வேண்டும். 0.5 பார் என்பது 7 பிஎஸ்ஐக்குச் சற்று மேல். மூன்றாவதை நம் ஊர்க்காரர்கள் வற்புறுத்தியே கேட்க வேண்டும்: உள்ளே வரும் காற்று 50 டிகிரியைத் தாண்டியதும் டைமிங் தானாகப் பின்வாங்கும் அட்டவணை. மேப்பைக் குளிர்ந்த காலையில் முடித்துக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு, அடுத்தடுத்து ஐந்து ஓட்டம் விடாமல் ஓட்டச் சொல்லுங்கள். ஐந்தாவது ஓட்டத்தில் கிடைக்கும் எண்தான் உங்கள் காரின் உண்மையான திறன். முதல் ஓட்டத்தின் எண்ணை மறந்துவிடுங்கள்.

திறனைக் கூட்டிய காருக்கு என்னென்ன மாற வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கோவையில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் கூட்டாக 2018 அக்டோபரில் கொண்டுவந்த டியாகோ ஜேடிபி. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 114 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்துக்குப் பத்து நொடிக்குள். டர்போதான், சூப்பர்சார்ஜர் கிடையாது. ஆனாலும் அதைச் செய்தவர்கள் எஞ்சினோடு விட்டுவிடவில்லை; சஸ்பென்ஷன், கியர் விகிதம், சக்கரம், டயர் என்று எல்லாவற்றையும் தொட்டார்கள். முறையான ஒப்புதலோடு சாலைக்கும் வந்தது. பழைய கார் சந்தையில் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால், சாலைக்கு வேகமான கார் வேண்டும் என்பவர் இந்த அத்தியாயத்தை மூடிவைத்துவிட்டு அதை வாங்கிக்கொள்ளலாம். உற்பத்தி நின்றுபோனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

தடத்துக்குப் போகிறவர் கிளட்ச் பிளேட்டை ஒரு படி வலுவானதாக மாற்றுங்கள். பிரேக் எண்ணெயைப் புதிதாக டாட் 4 ஊற்றுங்கள். பழைய எண்ணெய் ஈரம் குடித்திருக்கும், மூன்றாவது சுற்றில் பெடல் தரைக்குப் போய்விடும். காரை இழுவண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

முதல் தட நாள் முடிந்து திரும்பியதும் செய்ய வேண்டியவை: எஞ்சின் எண்ணெயை மாற்றி, கழித்த எண்ணெயில் ஒரு சின்னக் குப்பி எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். அறிக்கையில் சிலிக்கான் ஏறியிருந்தால் ஃபில்டர் பெட்டிக்குத் திரும்புங்கள். பெல்ட்டின் உட்பக்கம் பளபளப்பாகியிருந்தால் வழுக்கியிருக்கிறது, இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். பீங்கானில் மிளகுப்பொடி தூவியதுபோல் கருப்புப் புள்ளிகளோ, அலுமினியப் பொட்டுகளோ ஒட்டியிருந்தால் அந்தச் சிலிண்டர் தட்டியிருக்கிறது. டைமிங்கை இரண்டு டிகிரி பின்னுக்கு இழுக்காமல் அடுத்த முறை வண்டியைக் கிளப்பாதீர்கள்.